ஜவ்வாது மலையின் புவியியல்: ஆறுகளைப் பிடித்துக்கொண்டு ஒரு விளக்கம்

நீங்கள் கேட்டது மூன்று கேள்விகள். சென்னையிலிருந்து பெங்களூரு போகும் ரயிலில் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தெற்கே நீளமாகத் தெரிகிற மலை ஒரு தொடரா, தனி மலையா என்பது ஒன்று. ஊட்டி, கொடைக்கானல் மாதிரி அது ஏன் பச்சையாக இல்லை, காட்டை வெட்டி அழித்ததால் இப்படி ஆனதா என்பது இரண்டாவது. போய்ப் பார்க்க எது நல்ல மாதம் என்பது மூன்றாவது. மூன்றுமே ஒன்றோடொன்று பின்னியவை என்பதால் சேர்த்தே சொல்கிறேன்.

நீங்கள் பார்த்தது ஜவ்வாது மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையில் தமிழ்நாட்டுக்குள் வரும் துண்டுகளில் பெரியவற்றுள் ஒன்று. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்கள் இதைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. தென்மேற்கிலிருந்து வடகிழக்காக ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளம், அகலமான இடத்தில் முப்பது கிலோமீட்டர் சொச்சம். உயரம் என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. மேல்பரப்பின் பெரும்பகுதி 700 முதல் 900 மீட்டருக்குள் அடங்கிவிடும். சில முகடுகள் மட்டும் ஆயிரத்தைத் தாண்டும். தொட்டபெட்டா 2,637 மீட்டர் என்பதை வைத்துப் பார்த்தால் இது குட்டை மலைதான். ஆனால் இந்த மலையின் கதை உயரத்தில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது. அதனால் ஆறுகளை வைத்து விளக்குவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

முதலில் வடிவம். கீழிருந்து பார்க்கிறவர்களுக்கு இது கூரான மலையாகத் தோன்றும். ஏறிப் போனால் கவிழ்த்து வைத்த தாம்பாளம் மாதிரி இருக்கும்: ஓரம் செங்குத்து, மேலே மேடு பள்ளமான சமவெளி. வளைந்து வளைந்து ஏறுகிற சாலை ஒரு கட்டத்தில் சட்டென்று நிமிர்ந்துவிடும். அதன் பிறகு வயல், பலாமரம், சின்னச் சின்ன ஏரி, ஓட்டு வீடுகள் என்று சாதாரணக் கிராமப்புறம் விரியும். மலைமேல் இருக்கிறோம் என்பதே மறந்துபோகும். ஜமுனாமரத்தூர் அப்படியான ஊர்.

இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம், மலையின் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் இல்லை. மேற்கே திருப்பத்தூர் சுமார் 390 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அது பாராமகால் (கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்தின் பழைய பெயர்) மேட்டு நிலத்தின் விளிம்பு. கிழக்கே திருவண்ணாமலை, போளூர்ப் பக்கத்துச் சமவெளியோ 170 மீட்டர் அளவுதான். ஆக மேற்கிலிருந்து ஏறினால் முந்நூற்றைம்பது மீட்டர் ஏற்றத்தில் மேலே வந்துவிடலாம். கிழக்கிலிருந்து ஏறினால் ஐந்நூற்றைம்பதுக்கு மேல் ஏற வேண்டும். போளூரிலிருந்து பார்த்தால் மலை பெரிதாகவும், திருப்பத்தூரிலிருந்து பார்த்தால் சிறிதாகவும் தெரிவதற்கு இதுதான் காரணம். ஒருவகையில் கர்நாடகப் பீடபூமியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் படிக்கட்டின் கைப்பிடிச் சுவர் இந்த மலை.

சரி, தொடரா தனி மலையா? மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டுக் கணவாய் மாதிரி ஒன்றிரண்டு இடைவெளி தவிர ஒரே சுவராக நிற்கிறது. கிழக்குத் தொடர்ச்சி மலை அப்படி இல்லை. அது மிகப் பழைய மலை. அதன் மேல் ஓடிய ஆறுகள் காலம் காலமாக அறுத்து அறுத்துத் துண்டாக்கிவிட்டன. மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா, பெண்ணாறு, காவிரி என்று தீபகற்பத்தின் பெரிய ஆறுகள் எல்லாம் கிழக்கே வங்கக் கடலுக்குப் போக இந்த மலைகளைக் கடந்தாக வேண்டும். அதையே சின்ன அளவில் பாலாறும் தென்பெண்ணையும் இங்கே செய்திருக்கின்றன. ஜவ்வாது மலைக்கு வடக்கே பாலாற்றுப் பள்ளத்தாக்கு. அதைத் தாண்டினால் ஆந்திர எல்லை மலைகள். தெற்கே செங்கம் கணவாய். அதற்கும் தெற்கே தென்பெண்ணை, அதன் குறுக்கே 1958-இல் கட்டி முடித்த சாத்தனூர் அணை, அப்புறம் கல்வராயன், சேர்வராயன், சித்தேரி, பச்சைமலை, கொல்லிமலை என்று தீவு தீவாக மலைகள். எல்லாம் ஒரே குடும்பம், ஒரே வகைப் பாறை, தனித்தனி வீடு.

பாறையைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. இங்கே பெரும்பாலும் சார்னோக்கைட், நைஸ் வகைப் பாறைகள். பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறியவை. வயது இருநூற்றைம்பது கோடி ஆண்டு அளவில். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு இந்த வகைக் கல்லைப் பயன்படுத்தியதால் அந்தப் பெயர் வந்தது. பல்லாவரம் பக்கத்துக் குன்றுகளும் இதே வகைக் கல்தான். சாலை வெட்டிய இடத்தில் புதிதாக உடைந்த துண்டு ஒன்றை எடுத்துப் பாருங்கள். உடைந்த முகம் கருநீலச் சாம்பல் நிறத்தில், எண்ணெய் தடவினாற்போல மங்கலாகப் பளபளக்கும். அதே கல்லின் வெளிப்பக்கம் பழுப்பேறி, விரல் நகத்தால் சுரண்டினால் உதிரும். அந்த உதிரல்தான் மலைமேல் இருக்கும் செம்மண். மண் எங்கும் ஒரே கனத்தில் இல்லை; சரிவில் ஒரு சாண், பள்ளத்தில் ஆளுயரம். விவசாயம் எங்கே, காடு எங்கே, வெறும் பாறை எங்கே என்பதை முடிவு செய்வது இந்தக் கனம்தான்.

பக்கத்திலேயே இருக்கும் ஏலகிரி வேறு கதை. பார்க்க ஜவ்வாதின் தம்பி மாதிரி தெரிந்தாலும், அது பின்னால் பூமிக்குள்ளிருந்து உருகி மேலேறி உறைந்த சையெனைட் (syenite) என்ற பாறை. ஜவ்வாதுப் பாறையின் வயதில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. திருப்பத்தூரை ஒட்டிய செவ்வாத்தூரில் கார்பனடைட் என்ற அரிய வகைப் பாறை இருக்கிறது. அங்கே வெர்மிகுலைட் என்ற கனிமத்தைத் தோண்டுகிறார்கள். பாறை படிக்கிறவர்கள் எங்கெங்கிருந்தோ அந்த இடத்தைத் தேடி வருகிறார்கள், ஆனால் உள்ளூரில் அது வெறும் கல்குவாரி. இந்த வட்டாரத்தின் பள்ளிப் பாடங்களில் இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

இனி ஆறுகள். ஜவ்வாது மலையின் நடுவே ஒரு பள்ளக்கோடு ஓடுகிறது. அந்தக் கோட்டில் தெற்கே இறங்கும் தண்ணீர் செய்யாறு. வடக்கே இறங்குவது அகரம் ஆறு. இந்த இரண்டும் சேர்ந்து மலையைக் கிழக்கு ஜவ்வாது, மேற்கு ஜவ்வாது என்று இரண்டாகப் பிளக்கின்றன. அகரம் ஆறு வடக்கே போய் நேராகப் பாலாற்றில் சேர்ந்துவிடும். செய்யாறு அப்படிச் சுலபமாகப் போவதில்லை. தெற்கே இறங்கிச் செங்கத்தைத் தொட்டு, அங்கிருந்து கிழக்கே திரும்பி, பிறகு வடகிழக்காகக் கலசபாக்கம், செய்யாறு நகரம் வழியாக மலையைச் சுற்றிக்கொண்டு ஓடி, காஞ்சிபுரம் மாவட்டத்துத் திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது. வேகவதியும் அங்கேதான் வந்து சேருகிறது. மலைமேல் முதுகைத் திருப்பிக்கொண்டு எதிரெதிர்த் திசையில் கிளம்பிய தண்ணீர், கடைசியில் ஒரே ஆற்றுக்கு வந்துவிடுகிறது. வரைபடத்தில் விரலால் தொடர்ந்து பாருங்கள், இந்த மலையின் அமைப்பு முழுவதும் பிடிபடும்.

கிழக்குச் சரிவிலிருந்து மிருகண்டா நதி, கமண்டல நதி, நாகநதி என்று ஓடைகள் இறங்கிச் செய்யாற்றுக்கு ஊட்டுகின்றன. மேற்குச் சரிவுத் தண்ணீரில் ஒரு பங்கு பாம்பாறு வழியாகத் தென்பெண்ணைக்குப் போகிறது. ஆக, இந்த ஒரே மலை பாலாற்றுக்கும் தென்பெண்ணைக்கும் நீர்ப்பிரிமேடு. அடிவாரத்தில் இருக்கும் அணைகளைப் பார்த்தாலே இது தெரியும்: செங்கம் பக்கம் செய்யாற்றின் மேல் குப்பநத்தம், அதற்கு வடகிழக்கே மிருகண்டா நதி அணை, படவேட்டுக்குப் பக்கத்தில் செண்பகத்தோப்பு, மேற்கே ஆண்டியப்பனூர். எல்லாமே மலையிலிருந்து தண்ணீர் வெளியே வரும் வாயில் கட்டியவை. எதுவும் பெரிய அணை இல்லை, எந்த ஆறும் வருடம் முழுக்க ஓடுவதும் இல்லை. ஆனால் வெள்ளம் வரும் சில நாட்களில் கிடைக்கும் தண்ணீர்தான் அடிவாரம் தொடங்கிச் செய்யாறு வரைக்கும் இருக்கும் ஏரிகளை நிரப்புகிறது. ஏரி நிரம்பினால் கிணறு ஊறும். வட மாவட்டங்களின் நெல்லும் கரும்பும் மணிலாக்கொட்டையும் அந்தக் கிணறுகளை நம்பித்தான்.

செய்யாறு என்பது புதிய பெயரும் இல்லை. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், செங்கண்மாவை ஆண்ட நன்னனைப் பற்றியது. அந்தச் செங்கண்மாதான் இன்றைய செங்கம். அவனுடைய நவிர மலையும் சேயாறும் அதில் வருகின்றன. நவிர மலையை, ஜவ்வாதின் கிழக்கோரத்தில் தனித்து நிற்கும் பருவதமலை என்று ஆய்வாளர்கள் அடையாளம் காட்டுகிறார்கள். மன்னனைக் கண்டு பரிசு பெற்று வந்த கூத்தர், இன்னொரு கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்வதாக அமைந்த பாட்டு அது. மலையில் கேட்கும் ஓசைகள், எங்கே வழுக்கும், எங்கே கவண்கல் வந்து விழும், எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போகும். இரண்டாயிரம் ஆண்டுப் பழமையை ஒட்டிய ஒரு புவியியல் குறிப்பு நம் கையில் இருக்கிறது என்றே இதை எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி: ஏன் பச்சையாக இல்லை?

மேற்குத் தொடர்ச்சி மலை அரபிக் கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்றை நேருக்கு நேர் தடுத்து நிறுத்துகிறது. மழையில் பெரும்பகுதி அங்கேயே கொட்டிவிடும். ஜவ்வாது இருப்பது கடற்கரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்குக் குறையாத உள்நாட்டில். இங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்வது சாயங்கால இடி மழை. பகலில் வெயில் காய்ந்து, மேகம் திரண்டு, இருட்டுகிற நேரத்தில் அடித்துவிட்டுப் போகும். அப்புறம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயல் மழை. சென்னை, கடலூர் மாதிரிக் கடலோர ஊர்களுக்கு வடகிழக்குதான் எல்லாம். இந்த வட்டாரத்துக்கோ இரண்டும் ஏறத்தாழ சரிபாதி. மொத்தமாக வருடத்துக்கு ஆயிரம் மில்லிமீட்டர் அளவில். ஜனவரியிலிருந்து மே வரை கொஞ்சம் கோடை மழை தவிர ஒன்றுமில்லை. ஐந்து மாத வறட்சியைத் தாங்கத் தெரிந்த மரம்தான் இங்கே நிற்க முடியும். அதற்கு மரம் கண்டுபிடித்த வழி, இலையைக் கொட்டிவிடுவது.

ஆகவே இந்தக் காடு காய்ந்து கிடப்பது நோய் அல்ல, இயல்பு. உலர் இலையுதிர் காடு என்று இதற்குப் பெயர். மார்ச் மாதத்தில் உள்ளே நடந்தால் காலடியில் சருகு நொறுங்கும் சத்தம் நெடுந்தூரம் கேட்கும். மேலே வெறும் கிளைகள், வெயில் தரை வரைக்கும் இறங்கும். அதே இடத்துக்கு ஆகஸ்டில் போனால் பத்தடிக்கு அப்பால் நிற்கும் ஆள் தெரியாது. அடிவாரத்தில் உசிலை, ஆவாரை, காரை, சூரை என்று முட்புதர்க் காடு. ஏற ஏற வேங்கை, வெக்காலி, பொரசு, தேக்கு, மூங்கில். இன்னும் மேலே, தண்ணீர் தேங்கும் ஓடைப் பள்ளங்களில் மட்டும் நாவல், மா, நீர்மருது என்று வருடம் முழுக்கப் பச்சை மாறாத கீற்றுகள். கோடையில் உயரமான இடத்திலிருந்து பார்த்தால் பழுப்பு மலைமேல் அந்தப் பச்சைக் கோடுகள் தனியாகத் தெரியும். ஓடை எங்கே ஓடுகிறது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

காட்டை அழித்ததே இல்லையா என்றால், நிச்சயமாக அழித்திருக்கிறோம். பசுமை இல்லாமல் போனது அதனால் அல்ல என்றுதான் சொல்கிறேன். அழிவை வேறு இடத்தில் பார்க்க வேண்டும். இந்த மலையின் பெருமையே சந்தனம். சந்தன மரம் விசித்திரமானது. தனியாக வளராது, பக்கத்து மரங்களின் வேரில் தன் வேரைப் பதித்து உறிஞ்சித்தான் வளரும். அதனால் சந்தனம் நன்றாக இருக்க வேண்டுமானால் சுற்றிலும் பலவகை மரம் இருந்தாக வேண்டும். திருப்பத்தூரில் அரசின் சந்தனக் கிடங்கு இருப்பதும் இந்த மலையால்தான். பல பத்தாண்டுத் திருட்டு வெட்டு அந்த மரத்தை அருகிப்போகச் செய்துவிட்டது. இன்று வயிரம் பாய்ந்த முதிர்ந்த சந்தனத்தைக் காட்டில் காண்பது அபூர்வம். இன்னொரு பக்கம் உண்ணிச்செடி காட்டுத் தரையைப் பிடித்துக்கொண்டு புல்லையும் மரக்கன்றுகளையும் எழ விடாமல் செய்கிறது. கோடைத் தீ இன்னொரு எதிரி. சருகில் பிடிக்கும் தீ பெரிய மரத்தைக் கொல்வதில்லை. முளைத்த கன்றைத்தான் கொல்லும். அதனால் தீப்பட்ட காடு தூரத்திலிருந்து பார்க்க நன்றாகவே இருக்கும், ஆனால் அதற்கு வாரிசு இருக்காது.

இந்த இடத்தில் என் கருத்தை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். உலர் காட்டை வறண்ட தரிசு என்று நினைத்து, பசுமையாக்குகிறோம் என்று தைலமரத்தையும் சவுக்கையும் கொண்டுபோய் நடுவது இந்த மலைக்குச் செய்யும் நல்ல காரியம் இல்லை. இங்கே நட வேண்டியவை இங்கேயே இருக்கும் மரங்கள். வேங்கையும் நெல்லியும் கடுக்காயும் புங்கையும் இருக்கும்போது வெளியிலிருந்து எதுவும் தேவையில்லை.

கடுக்காய் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரை முழுக்கத் தோல் பதனிடும் தொழில் இருக்கிறதே, அது அங்கே வேர் பிடித்ததற்கு இந்த மலைகளும் ஒரு காரணம். குரோமியம் வருவதற்கு முன்னால் தோலைப் பதப்படுத்தியது ஆவாரம் பட்டையும் கடுக்காயும். இரண்டும் இந்த அடிவாரங்களில் தாராளம். மணலைத் தோண்டினால் தண்ணீர் தரும் ஆறும், பட்டை தரும் குன்றும், துறைமுகத்துக்குப் போக ரயிலும் ஒரே இடத்தில் அமைந்துவிட்டன. பின்னால் ரசாயனம் வந்ததும் தொழிலுக்கும் மலைக்கும் இருந்த உறவு அறுந்தது. பாலாற்று மணலும் நிலத்தடி நீரும் கெட்டதுதான் மிச்சம்.

மலைமேல் வாழ்கிறவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. பேசுவது தமிழ், காஞ்சிபுரத்திலிருந்து தங்கள் முன்னோர் வந்ததாகச் சொல்கிறார்கள். புதூர் நாடு, நெல்லிவாசல் நாடு, புங்கம்பட்டு நாடு என்று ஊர்த் தொகுதிகளை இன்றும் நாடு என்றே வழங்குகிறார்கள். ஒவ்வொரு நாடும் ஏறத்தாழ ஒரு பள்ளத்தாக்கும் அதைச் சுற்றிய சரிவுகளும். பள்ளத்தில் நெல், மேட்டில் கேழ்வரகு, கல் கலந்த சரிவில் சாமை. மண்ணின் கனத்தைப் பற்றி மேலே சொன்னேனே, அந்தக் கணக்கை அவர்கள் பயிரில் எழுதி வைத்திருக்கிறார்கள். மூன்று மாதச் சொச்சத்தில் விளைந்துவிடும் சாமைக்கு ஒரு சாண் மண் போதும். இடையில் இரண்டு வாரம் மழை பொய்த்தாலும் தாங்கும். அறுவடை நேரத்தில் போனால் தனியாகக் களம் தேட மாட்டார்கள் என்பதைப் பார்க்கலாம். தட்டையாகக் கிடக்கும் பாறையைப் பெருக்கிவிட்டு அதன் மேலேயே கதிரைப் போட்டு மாட்டைச் சுற்ற விடுவார்கள். தூற்றும்போது பாறை விளிம்பில் காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. சாமை, புளி, தேன், நெல்லிக்காய், பலா: சந்தைக்கு இறங்குவது இவை.

இந்தப் பயிர்முறை எவ்வளவு பழையது என்பதற்கும் சான்று உண்டு. திருப்பத்தூர் அருகே பையம்பள்ளியில் அறுபதுகளில் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது புதிய கற்கால வாழ்விடமும், அதில் கருகிய கேழ்வரகு, கொள்ளு, பச்சைப்பயறும் கிடைத்தன. மலைமேல் கீழ்செப்பிளியில் பெருங்கற்காலக் கல்திட்டைகள் கூட்டமாக நிற்கின்றன. பலகை பலகையாகப் பெயர்த்த பாறையை நாலு பக்கமும் நிறுத்தி, மேலே ஒரு பலகை மூடி, முன்பக்கப் பலகையில் வட்டமாக ஒரு துளை. ஊர்க்காரர்கள் இவற்றை வாலியர் என்ற குள்ள மனிதர்களின் வீடுகள் என்பார்கள். பாறை தானாகவே பலகையாகப் பிளக்கும் இடங்களில் இவை அமைந்திருப்பதைக் கவனியுங்கள். கல் கிடைத்த இடத்திலேயே கட்டியிருக்கிறார்கள். அடிவாரத்தில் செங்கம் வட்டாரம் பல்லவர் கால நடுகற்களுக்குப் பேர் போனது. அவற்றில் பல, ஆநிரை மீட்கும் சண்டையில் விழுந்த வீரர்களுக்கானவை. மலைக்கும் சமவெளிக்கும் இடைப்பட்ட மேய்ச்சல் நிலம் அகலமாக இருந்ததால்தான் மாட்டுக்காக இத்தனை சண்டை.

கணவாய்களும் அப்படித்தான் வரலாற்றுக்குள் வருகின்றன. மைசூர்ப் பக்கமிருந்து கர்நாட்டிக் எனப்பட்ட ஆற்காட்டுச் சமவெளிக்குப் படை இறங்க வேண்டுமானால் ஜவ்வாதைத் தாண்ட முடியாது, சுற்ற வேண்டும். வடக்கே பாலாற்று வழி, தெற்கே சிங்காரப்பேட்டை, செங்கம் வழி. 1749-இல் ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் கொல்லப்பட்ட ஆம்பூர்ப் போர் முதல் வழியில் நடந்தது. 1767 செப்டம்பரில் ஹைதர் அலிக்கும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் ஸ்மித்தின் படைக்கும் நடந்த செங்கம் போர் இரண்டாவது வழியில். இன்றைக்கும் வேறு வழி இல்லை. சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையும் ரயிலும் வடக்கு வழியிலும், கிருஷ்ணகிரி-திருவண்ணாமலை-திண்டிவனம் நெடுஞ்சாலை தெற்கு வழியிலும் போகின்றன. மலையின் மறைவைத் தேடியவர்களும் உண்டு: சம்புவராயர்கள் படவேட்டைத் தலைநகராக வைத்தது, மூன்று பக்கம் மலையும் நடுவில் கமண்டல நதியும் இருந்ததால்.

வானம் பார்க்க வந்தவர்களை விட்டுவிடக் கூடாது. 1960-களின் பிற்பகுதியில் வானியலாளர் வேணு பாப்பு, வானாய்வகம் அமைக்க இந்த மலைமேல் இருக்கும் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 725 மீட்டர் உயரம், சுற்றிலும் காடு, பக்கத்தில் பெரிய நகரம் கிடையாது, அட்சரேகை பன்னிரண்டரை டிகிரி என்பதால் தெற்கு வானத்திலும் நிறையப் பார்க்கலாம். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்தபோது, அந்தக் கோளுக்கு வளையங்கள் உண்டு என்று காட்டிய அவதானிப்புகளில் காவலூருடையதும் ஒன்று. 1986-இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1988-இல் இங்கே கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் மேலே சொன்ன இரட்டைப் பருவமழை இங்கேயும் குறுக்கே வரும். ஜூன் முதல் டிசம்பர் வரை மேகம்தான் அதிகம். ஐந்து மாத வறட்சிதான் வானியலாளர்களுக்கு அறுவடைக் காலம்.

இந்த நிலவியல் மனிதருக்குத் தரும் சிரமத்தையும் சொல்ல வேண்டும். தாம்பாளத்தின் ஓரம் செங்குத்து என்றேன். அந்த ஓரத்தில் சாலை ஏறாத ஊர்கள் இன்னும் இருக்கின்றன. வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு என்ற ஊருக்குப் பக்கத்து அல்லேரி மலையில் 2023-இல் பாம்பு கடித்த குழந்தை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை. உடலைத் தாய் மலைமேல் நடந்தே சுமந்து போனது மாநிலம் முழுக்கச் செய்தியானது. காப்புக்காட்டுக்குள் சாலை போட வனத்துறை அனுமதி வேண்டும், அது வருடக்கணக்கில் இழுக்கும். காட்டின் மேல் எனக்குள்ள அக்கறையோடு சேர்த்தே சொல்கிறேன்: ஆம்புலன்ஸ் ஏறும் அளவுக்கு ஒரு சாலை காட்டை அழித்துவிடாது. வருமானம் இல்லாத மலைமேல் மரம் வெட்டத் தெரிந்த கைகள் இருந்ததால்தான் தரகர்கள் அவர்களைச் செம்மரத்துக்காக ஆந்திரக் காட்டுக்குக் கூட்டிப் போனார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்த இருபது பேரில் பலர் ஜவ்வாது, சித்தேரி மலை வட்டாரத்தவர். சாமைக்கு நியாயமான விலை கிடைப்பது என்பது இந்த மலையைப் பொறுத்தவரை வனப் பாதுகாப்பும்தான்.

விலங்குகள் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஒரு வரி சொல்லிவிடுகிறேன். கரடி, புள்ளிமான், காட்டுப்பன்றி உண்டு. எண்பதுகளில் ஓசூர்ப் பக்கக் காடுகளிலிருந்து யானைகள் இந்தப் பக்கம் வந்தன. ஆனால் காடு தீவாக இருப்பதால் மலையிலிருந்து இறங்கினால் வயல்தான். மோதல் முற்றி, 2013-இல் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆறு யானைகளைக் கும்கிகளைக் கொண்டு பிடித்து இடம் மாற்றினார்கள். துண்டு துண்டான மலை என்பதற்கு ஒரு யானைக்கு என்ன அர்த்தம் என்பது இதில் தெரியும்.

கடைசியாக, எப்போது போவது. பீமன் அருவியில் தண்ணீர் பார்க்க வேண்டுமானால் அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை. கோடையில் போனால் பாறைதான் இருக்கும். சாமை அறுவடையும் பச்சைச் சரிவும் பார்க்க வேண்டுமானால் அக்டோபர், நவம்பர். நட்சத்திரம் பார்க்க ஜனவரி முதல் ஏப்ரல். காவலூரில் சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிப்பது வழக்கம், விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். உலர் காட்டின் இயல்பைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் ஒரே வழியில் இரண்டு முறை, மார்ச்சில் ஒன்று, செப்டம்பரில் ஒன்று என்று போங்கள். ஏறும்போது ஆலங்காயம், காவலூர் வழி. இறங்கும்போது அத்திமூர், போளூர் வழி. இரண்டு பக்க உயர வித்தியாசம் காதடைப்பதிலேயே தெரிந்துவிடும். மார்ச்சில் போனால் தீப்பெட்டியும் பீடி சிகரெட்டும் வண்டியிலேயே இருக்கட்டும், காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் இறங்க வேண்டாம். ஜமுனாமரத்தூரில் சாமை அரிசி வாங்கினால் உள்ளூர்ப் பெண்கள் குழுக்களிடம் வாங்குங்கள்.